ப்ளவுக்கு ஜோடி கவ், ட்ரவுட்டுக்கு ஜோடி ப்ராட் இல்லை: பத்தாம் வகுப்பு ரைமிங் வேர்ட்ஸ்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பாட்டு வரிகளைக் கொடுத்து ரைமிங் வேர்ட்ஸ் (கடைசிச் சத்தம் ஒத்துப்போகும் சொற்கள்) எடு, ரைம் ஸ்கீம் (எந்த வரி எந்த வரியோடு ரைம் ஆகிறது என்ற அமைப்பு) எழுது, அலிட்டரேஷன் (ஒரே சத்தத்தில் தொடங்கும் சொற்கள்) எது என்று கேட்பார்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சாயங்கால டியூஷனுக்கு வரும் தமிழ் வழிப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத் தொடாமலே விட்டுவிட்டு வருகிறார்கள், கேட்டால் "ரெண்டு மார்க்தானேக்கா" என்பார்கள். 35 எடுத்தால் பாஸ் என்கிற தாளில் ரெண்டு மார்க் எவ்வளவு பெரிசு என்று ரிசல்ட் அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் எழுதின காலத்தில் முதல் தாள், இரண்டாம் தாள் என்று தனித்தனியாக இருந்தது, ஒன்றில் விட்டதை இன்னொன்றில் தேற்றிக்கொள்ளலாம். 2019-20லிருந்து 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். பாடத்துக்கு ஒன்றாக 7 பாட்டு, அவ்வளவுதான். அந்த வரிகளின் கடைசிச் சொற்களைக் காதால் பிடிக்கத் தெரிந்தால் இந்தப் பகுதியில் ஒரு மார்க்கும் போகாது.

நானும் தமிழ் வழியில் படித்தவள்தான், அதனால் நான் சொல்லும் முறை நோட்டு ஓரத்தில் தமிழில் எழுதுவதிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதாதே என்று எல்லா ஆசிரியர்களும் திட்டுவார்கள். மற்ற விஷயத்துக்கு அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ரைமிங்குக்கு மட்டும் நான் எழுதச் சொல்கிறேன். ஏனென்றால் ரைம் என்பது ஸ்பெல்லிங் ஒத்துப்போவது இல்லை, சத்தம் ஒத்துப்போவது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் கண் ஏமாறும். அதையே தமிழில் எழுதிவிட்டால் சத்தம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

உதாரணத்துக்கு ஓ-யூ-ஜி-எச் என்று முடியும் சொற்கள். கலப்பைக்கு ப்ளவ், கரடுமுரடுக்கு ரஃப், இருமலுக்கு காஃப், வழியாக என்பதற்கு த்ரூ, இருந்தாலும் என்பதற்கு தோ. ஐந்துக்கும் கடைசி நான்கு எழுத்து ஒன்றே, ஆனால் ஒன்றுக்கொன்று ரைம் ஆகாது. தமிழில் எழுதிப் பார்த்தால் ப்ளவ் போய் கவ், நவ், ஹவ் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், ரஃப் ஸ்டஃப் பக்கத்தில், காஃப் ஆஃப் பக்கத்தில், த்ரூ ப்ளூ பக்கத்தில், தோ கோ பக்கத்தில். ப்ளவும் கவும் ஜோடி என்று ஒரு தடவை சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது, ஏரும் மாடும் எப்படி மறக்கும். (இந்த ஸ்பெல்லிங் குளறுபடிக்கு ஒரு காரணம் உண்டு. 1476இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துவிட்டது, வாயிலிருந்த உச்சரிப்போ அடுத்த இருநூறு வருஷத்துக்கு மேல் மாறிக்கொண்டே போனது. நாம் படிப்பது பழைய வாயின் ஸ்பெல்லிங்.)

அப்புறம் டி சேர்ந்தால் இன்னொரு வம்பு. வறட்சிக்கு ட்ரவுட், கொண்டுவந்தான் என்பதற்கு ப்ராட், ரெண்டும் ஓ-யூ-ஜி-எச்-டி. ஆனால் ட்ரவுட் போய்ச் சேருவது அவுட், ஷவுட், டவுட் கூட்டத்தில். ப்ராட் சேருவது பாட், தாட், காட், டாட் கூட்டத்தில். இதில் வாங்கினான், பிடித்தான், கற்பித்தான் எல்லாம் வந்துவிடும், ஸ்பெல்லிங்கில் பாதிக்கு ஓ-யூ, பாதிக்கு ஏ-யூ, சத்தம் ஒன்றே. வெள்ளத்துக்கு ஃப்ளட், அது ப்ளட், மட் கூட்டம். சாப்பாட்டுக்கு ஃபூட், அது மூட், மரியாதையில்லாததைச் சொல்லும் ரூட் கூட்டம். நல்லதுக்கு குட்; அது வுட், குட், ஷுட் கூட்டம், இதில் ரெண்டாவது குட் சி-யில் தொடங்குவது. மூன்று கூட்டத்திலும் ரெண்டு ஓ போட்டு டி-யில் முடியும் சொற்கள் இருக்கின்றன, கண் நம்பகமில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சொற்களை இப்படிக் கூட்டமாகப் படிக்கும்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைவராக நம் ஊரில் தினமும் காதில் விழும் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்துக் கடினச் சொல்லை வைக்காதீர்கள். ஆற்று மதகில் லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஏற்றி இறக்குகிறாரே, ஷட்டர், அது ஒரு தலைவர், அதன் கீழே பட்டர், மட்டர், கட்டர். மதகுக்கே இன்ஜினியர்கள் சொல்லும் ஸ்லூஸ் இன்னொரு தலைவர், ஜூஸ், கூஸ், லூஸ் அதன் கூட்டம். மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது எல்லாருக்கும் மனப்பாடம், அந்த ஜூனுக்கு மூன், நூன், ஸ்பூன். பழைய வெள்ளைக்கார வரைபடத்தில் கொள்ளிடத்துக்குப் பேர் கோல்ரூன், அதுவும் இந்தக் கூட்டம்தான், தேர்வில் வராது, ஆனால் ஒரு பையன் கேட்டுவிட்டு அரை மணி நேரம் கோல்ரூன் மூன், கோல்ரூன் மூன் என்று பாடிக்கொண்டிருந்தான், எனக்கு அது போதும். வாட்டர் என்றால் டாட்டர். லாஃப்டர் அதில் சேராது, முதல் எழுத்தைத் தவிர மகளுக்கும் சிரிப்புக்கும் ஸ்பெல்லிங் ஒன்றே, இருந்தாலும் லாஃப்டருக்கு ஜோடி ஆஃப்டர்.

சரி, தமிழில் எழுதினால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால் இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும், இந்த இடத்தைத்தான் கைடுகள் சொல்வதே இல்லை.

கேப் என்று தமிழில் எழுதுங்கள். அது தொப்பியா, வாடகைக் காரா, ரெண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியா, கன்னியாகுமரிக்கு வெள்ளைக்காரன் வைத்த பேரில் வரும் முனையா? நான்கையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், பல பேர் ஒரே மாதிரிதான் சொல்லவும் செய்கிறோம். ஆனால் நான்கில் தொப்பியும் இடைவெளியும் மட்டும்தான் ஒன்றுக்கொன்று ரைம். வாடகைக் கார் போய் நண்டோடு சேரும், அதாவது க்ரேப், அது பஸ்ஸின் பி-யில் முடிவது. முனை போய்த் திராட்சையோடு சேரும், அதுவும் நம் எழுத்தில் க்ரேப்தான்! தமிழில் க-வுக்கும் ப-வுக்கும் ட-வுக்கும் வலிந்த சத்தம், மெலிந்த சத்தம் ரெண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வருகிற சங்கடம் இது.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ரெண்டு சின்ன அடையாளம். கடைசி எழுத்து மெலிந்து ஒலித்தால், அதாவது ஆங்கிலத்தில் பி, டி, ஜி என்று முடியும் சொற்களில் (பஸ்ஸின் பி, பென்னின் பி இல்லை; டாக்கின் டி, டைகரின் டி இல்லை), அதன் கீழே ஒரு கோடு. ஏ-பி-ஈ (இது பென்னின் பி) என்று முடியும் முனை, திராட்சை, டேப் மாதிரி சொற்களில் ஏ போடாமல் எய் போட்டு எழுதுவது: கெய்ப், க்ரெய்ப், டெய்ப். தொப்பிக்கும் இடைவெளிக்கும் கோடு இல்லாத கேப். இந்த ரெண்டு அடையாளத்தில் முக்கால்வாசிக் குழப்பம் போய்விடும்.

ஒரு நாள் ஏழாவது படிக்கும் பெண் ஒன்று உர மூட்டைக் கடைப் போர்டைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, பஸ்ஸில இருக்கிற சீட்ஸும் விதைக் கடை சீட்ஸும் ரைம் ஆகுமாக்கா?" என்று கேட்டாள். ஆகாது. விதை சேருவது வீட்ஸ், நீட்ஸ், ஃபீட்ஸ் என்ற கூட்டத்தில், எல்லாம் கீழே கோடு போட்டவை, களையும் அங்கேதான் இருக்கிறது. இருக்கை சேருவது ஈட்ஸ், மீட்ஸ், ஸ்வீட்ஸ் கூட்டத்தில். காதால் எப்படிப் பிரிப்பது என்றால், கடைசி மெய்யைக் கேட்காதீர்கள், நமக்கு அது பிடிபடாது. அதற்கு முந்தின உயிரின் நீளத்தைக் கேளுங்கள். விதையில் ஈ இழுத்து வரும், இருக்கையில் ஈ சட்டென்று வெட்டுப்படும். குறில் நெடில் பார்த்து வளர்ந்த காது நம்முடையது, ஒரு மாத்திரை கூடினாலும் கண்டுபிடித்துவிடும். ஃபோனில் அகராதியைத் திறந்து ஸ்பீக்கர் படத்தைத் தட்டி ரெண்டு சொல்லையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

எஸ்ஸில் முடிவதும் இதே கதை. அரிசி ரைஸுக்கு ஜோடி ஐஸ், ட்வைஸ், விலையைச் சொல்லும் ப்ரைஸ். எழு என்ற ரைஸுக்கு ஜோடி வைஸ், ஸைஸ், பரிசைச் சொல்லும் ப்ரைஸ். தொண்டையில் ரெண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அரிசியில் கடைசியில் அதிர்வு இருக்காது, எழுவதில் இருக்கும். ஆலோசனை என்ற பெயர்ச்சொல் அரிசிக் கூட்டம், ஆலோசனை சொல் என்ற வினை மற்றக் கூட்டம். தேர்வில் இவ்வளவு நுணுக்கமாகப் பெரும்பாலும் கேட்பதில்லை, ஆனால் தெரிந்தவனுக்குத் தடுமாற்றம் இல்லை.

இன்னொன்று, நம் வாய்க்கு மெய்யில் சொல்லை முடிக்கப் பிடிக்காது. லைட்டு, கேட்டு, பஸ்ஸு, ஃபிலிமு. இந்த உ-வை ஒட்டிவைத்துக்கொண்டு ரைம் தேடினால் எல்லாமே டு, சு, மு என்று முடிந்து எல்லாமே ரைம் போலக் கேட்கும். ரைம் பார்க்கும்போது மட்டுமாவது வாலை வெட்டிவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், அழுத்தம் விழுகிற உயிரிலிருந்து கடைசி வரை ஒத்துப்போனால்தான் ரைம். கெனால், சேனல் ரெண்டும் நமக்கு வாய்க்கால்தான், ரெண்டும் ஒரே மாதிரி முடிவதாகத்தான் தோன்றும். ஆனால் கெனாலில் அழுத்தம் பின்னால், சேனலில் முன்னால். அதனால் சேனலுக்கு ஜோடி பேனல், கெனாலுக்கு அது ஆகாது. ரிவருக்கு லிவர், கிவர். ட்ரைவர் ஆகாது, ட்ரைவருக்கு டைவர்.

தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைகள் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். எதுகை என்றால் அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைத் தேடிப் பழகியிருப்பதால் ஆங்கிலப் பாட்டிலும் வரியின் தலையில் தேடுகிறார்கள். ரைமுக்குக் கிட்டத்தில் இருப்பது இயைபு, வரியின் வாலைப் பாருங்கள். தலையில் தேடும் பழக்கம் அலிட்டரேஷனுக்கு உதவும், அது ஏறக்குறைய மோனை, அங்கேயும் எழுத்தை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பாருங்கள், நைஃபும், போர்வீரனைச் சொல்லும் நைட்டும் கே-யில் தொடங்கினாலும் ந சத்தம்தான்.

ரைம் ஸ்கீம் சுலபம். நான்கு வரி கொடுத்தால் நான்கு கடைசிச் சொல்லை மட்டும் ரஃப் ஒர்க்கில் தமிழில் எழுதுங்கள், முதல் சத்தத்துக்கு ஏ, அதே சத்தம் திரும்ப வந்தால் மறுபடி ஏ, புதுசு வந்தால் பி. ஏ ஏ பி பி, ஏ பி ஏ பி ரெண்டும்தான் அதிகம் வரும். ஏ பி சி பி வந்தால் பயப்படாதீர்கள், ரெண்டாவதும் நாலாவதும் மட்டும் ரைம் ஆகிற பாட்டு ஏராளம். கேள்வியில் கொடுத்த வரிகளை வைத்துத்தான் எழுத வேண்டும், புத்தகத்தில் அது எத்தனையாவது வரியாக இருந்தாலும் கேள்வியின் முதல் வரிக்கு ஏ.

விடைத்தாளில் சொற்களைக் கேள்வியில் இருக்கும் ஸ்பெல்லிங்கோடு அப்படியே பார்த்து எழுதுங்கள், நடுவில் ஒரு கோடு போட்டு ஜோடியாக. சொந்தமாக ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள் சில பேர், ரைம் சரியாகவே இருந்தாலும் கொடுத்த வரியில் அது இல்லை என்றால் மார்க் கிடையாது. தமிழ் உச்சரிப்பெல்லாம் ரஃப் ஒர்க்கோடு சரி, அதை அடித்துவிடுங்கள்.

ஆங்கிலம் நம் நாக்குக்கு ஒட்டாது என்று வீட்டில் யாராவது சொன்னால் வலங்கைமானில் ஒரு ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியைச் சொல்லுங்கள். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்தவர், பேசினால் வெள்ளைக்காரர்களே வெள்ளி நாக்கு என்றார்கள். எல்லாரும் அந்த அளவுக்குப் போக வேண்டாம், நமக்குக் கடைசிச் சத்தம் பிடிபட்டால் போதும்.

பழைய பாட்டுகளில் சில ஜோடி இடிக்கும். லவ்வும் மூவும் வரியின் முடிவில் எதிரெதிரே நிற்கும், காற்று என்ற விண்டை கைண்டோடு சேர்த்திருப்பார்கள். காதுக்குப் பொருந்தாதே என்று அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. கவிஞர் ரைமாக வைத்த இடம் அது, மற்ற வரிகளின் அமைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஜோடியாகவே எழுதுங்கள், ரைம் ஸ்கீமிலும் ஒரே எழுத்தைக் கொடுங்கள். அகெய்ன் என்ற சொல்லுக்கு ரெண்டு உச்சரிப்பும் உண்டு, ரெய்னோடு வந்தால் அகெய்ன், மென்னோடு வந்தால் அகென், பாட்டில் எது பக்கத்தில் நிற்கிறதோ அதன்படி வைத்துக்கொள்ளலாம்.