கணினி முன் கண் உறுத்தல்: நான் மீண்டு வந்த விதம்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்தாக வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு, பிற்பகலானாலே கண் உறுத்த ஆரம்பித்தது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலத் தெரியும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். அப்புறம் நெற்றிப்பொட்டில் வலி. இத்தனைக்கும் நடுவில் கண்ணிலிருந்து தண்ணீர் வேறு வழியும். உறுத்துகிறது, எரிகிறது, ஆனால் தண்ணீரும் கொட்டுகிறது என்றால் என்னவென்று எடுத்துக்கொள்வது?

கண் மருத்துவரிடம் போனேன். பவர் பார்த்தபின் அவர் இன்னொரு சோதனையும் செய்தார். மஞ்சள் சாயம் தோய்ந்த சின்னக் காகிதக் கீற்றை ஒரு சொட்டுத் திரவத்தில் நனைத்து, கீழ் இமையின் உள்பக்கம் தொட்டு எடுத்தார். முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, "நல்லா ஒரு தடவை இமைச்சிட்டு, அப்புறம் இமைக்காம நேரா பாருங்க" என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தார். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்க்கும் சோதனை அது. 10 நொடியாவது தாங்க வேண்டுமாம். எனக்கு அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையில் மூழ்கிவிட்டால் அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைக்கிற இமைப்பிலும் பல அரைகுறை, மேல் இமை கீழே வந்து தொடுவதே இல்லை. இமை விளிம்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து எண்ணெய் வருவது முழுசாக இமைக்கும்போதுதான். அந்த எண்ணெய்தான் கண்ணீரின் மேல் படர்ந்து, அது ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் குறைந்தால் கண் காய்கிறது. காய்ந்த கண் உறுத்த, உடம்பு பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் கண்ணில் நிற்காது, கன்னத்தில் வழிந்துவிடும். என் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

இரண்டாவது விஷயம் கண்ணாடி. என்னிடம் இருந்தது வெள்ளெழுத்துக்கான படிக்கும் கண்ணாடி. அது புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்குப் பொருந்துவது. அளவு நாடாவால் அளந்து பார்த்தால் என் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 65 சென்டிமீட்டர் இருந்தது. தலைவலியும் முன்னால் சாய்வதும் அதனால்தான். திரைத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். எனக்கு வந்த நிம்மதியில் பெரும்பங்கு இதனால்தான். கணினியில் வேலை செய்கிறவர்கள் கண் பரிசோதனைக்குப் போகும் முன் இந்தத் தூரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு போடச் சொன்னார்கள். மருத்துவர் ஏற்கெனவே தேவையில்லை என்று சொல்லியிருந்ததால் விட்டுவிட்டேன். 17 மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வும், சாதாரண கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது.

அப்புறம் மேசை. மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரு கீற்றைக் கிழித்து, உட்காரும் இடத்தில் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். படபடவென்று ஆடியது. ஏசி காற்று நேராகக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காற்றுத் திசையை மாற்றினேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி இறக்கினேன். கீழ்நோக்கிப் பார்த்தால் கண் அகலத் திறக்காது, அதனால் காய்வதும் குறைவு. திரைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பினேன். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை பிரகாசத்தைக் குறைத்தேன். கறுப்புப் பின்னணியைப் பலர் புகழ்கிறார்கள். எனக்குச் சிலிண்டர் பவர் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத பார்வைக் குறை) இருப்பதால் அதில் வெள்ளை எழுத்து சிதறித் தெரிகிறது. வெள்ளையில் கறுப்பு, எழுத்து மட்டும் நன்றாகப் பெரிசாக, அதுதான் ஒத்துவந்தது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 நொடி பார்க்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிட்டத்தில் பார்க்கும்போது விழிக்குள் இறுகியே இருக்கும் தசை, தூரத்தில் பார்க்கும்போது தளர்கிறது. ஆனால் அலாரம் வைத்தால் வாக்கியத்தின் நடுவில் அடிக்கிறது, அணைத்துவிட்டு வேலையைத் தொடரத்தான் தோன்றுகிறது. அதனால் பக்கக் கணக்குக்கு மாறினேன். ஒரு பக்கம் முடிந்தால் ஜன்னல் வழியே தூரத்தைப் பார்ப்பது, கண்ணை மெதுவாக முழுசாக மூடிச் சில தடவை திறப்பது. அந்த நேரத்தில் போனை எடுத்தால் அது ஓய்வாகாது. திரையைவிடவும் கிட்டத்தில்தானே அதைப் பிடிக்கிறோம்.

மருத்துவர் தந்தது பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத ஈரப்பதச் சொட்டு மருந்து. இரவில் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் சில நிமிடங்கள் வைத்துக்கொள்ளவும் சொன்னார், உறைந்த எண்ணெய் இளகி வரும். கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வெள்ளையாக்குகிறது, விட்டதும் சிவப்பு திரும்ப வரும்.

இப்போது சாயங்காலத்திலும் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. வேலை நெருக்கும் நாட்களில் உறுத்தல் எட்டிப் பார்க்கும், சொட்டு மருந்தும் தூக்கமும் சரிசெய்துவிடும். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்குவது, மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிவது, கடுமையான வலி, இவையெல்லாம் திரைச் சோர்வு அல்ல. அவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.