நிறுத்திய பிறகு கொதிக்கும் பிரேக்: டர்பன் நாட்குறிப்பு

25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தபோது இரவு இரண்டு மணி. டிரெய்லரிலிருந்து காரை இறக்கக்கூடத் தெம்பில்லை. காலையில் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் விரல் பட்டதும் அப்பளம்போல நொறுங்கி உதிர்ந்தது.

நேற்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்து கயாலாமி ரேஸ் டிராக்கில் மூன்றாவது முறை இறங்கியபோது, ஆறாவது லேப். நேர்ப் பாதையில் 190 கிலோமீட்டர் வேகம் தொட்டு, குரோதார்ன் வளைவுக்கு பிரேக்கை மிதித்தால் பெடல் பாதிவரை சும்மா இறங்குகிறது. இரண்டு தடவை பம்ப் அடித்த பிறகு பிடித்தது. அதற்குள் வளைவின் வெளி ஓரத்துக்கே போய்விட்டேன். யாரும் பக்கத்தில் இல்லை, நல்ல காலம்.

அதைவிட என்னைக் குழப்பியது பிறகு நடந்ததுதான். மெதுவாக பிட்டுக்கு வந்து நிறுத்தியபோது பெடலில் ஓரளவு பிடிப்பு இருந்தது. பத்து நிமிடம் கழித்து நிழலுக்கு நகர்த்தலாமென்று மிதித்தேன், பெடல் நேராகத் தரையைத் தொட்டது. நின்றுகொண்டிருந்த காரில்! ஓடும்வரை டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கிறது. நின்றதும் அதுவும் போச்சு. டிஸ்க்கில் தங்கிய சூடு அதை உரசும் பேடு வழியாக பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விட்டால் பெடல் அந்தக் குமிழைத்தான் அமுக்கும்.

கயாலாமி என்றால் ஜூலு மொழியில் ‘என் வீடு’ என்று மனைவியிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். “அப்படியென்றால் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்” என்றாள் காலையில். கதை முழுதும் நான் இன்னும் சொல்லவில்லை.

28 ஆகஸ்ட், புதன்

ஆயிலை வடித்தேன். தேன் நிறத்தில் போட்டது பழைய டீத்தண்ணீர் நிறத்தில் வந்தது. போட்டு ஒன்றரை வருடம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டர்பன் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினால் போதும் என்பதுதான் தரக்கணக்கு. நான் 155 பக்கத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தவறுக்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. 300க்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் வாங்கியாயிற்று.

ராத்திரி ஷிஃப்டில் ஒரு கணக்குப் போட்டேன். நானும் காரும் சேர்த்து 1400 கிலோ. 190லிருந்து 90க்கு இறங்கினால் 15 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது, ஒரே ஒரு மிதியில். அதில் எழுபது சதவீதம் முன்பக்கத்துக்கு. என் கார் கோல்ஃப் 5 ஜிடிஐ-யின் முன் டிஸ்க் 312 மில்லிமீட்டர் விட்டம், தராசில் 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மிதிக்கும் 130 டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த வளைவுக்குள் அதை இறக்கியாக வேண்டும், இறக்குவது காற்று மட்டும்தான்.

அந்தக் காற்றும் அங்கே மெலிசு. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸ்ஸி டிராக்கில் இதே கார் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அது கடலோரம், கயாலாமியோ 1500 மீட்டருக்கு மேலே. காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. என்ஜினுக்கு அந்தக் குறையை டர்போ ஈடுகட்டிவிடுகிறது, வேகம் குறையவில்லை. பிரேக்குக்கு ஈடுகட்ட எதுவுமில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

சாட்ஸ்வர்த்தில் அண்ணாவின் பட்டறை. சொந்த அண்ணன் இல்லை, இங்கே வந்த முதல் வருடத்திலிருந்து அண்ணா. அவருடைய கொள்ளுத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். அண்ணாவின் தமிழ் ஆயாவிடம் காதால் கேட்ட தமிழ், எழுத்து தெரியாது. என் கோயம்புத்தூர்த் தமிழைக் கேட்டு “ரேடியோ மாதிரி பேசுறே” என்பார்.

பிஸ்டன் ரப்பரைப் பார்த்துவிட்டு, “ஃபேன் போடு தம்பி” என்றார். துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் கடையில் கிடைக்கும் ப்ளோயரைச் சொல்கிறார். பெட்ரோல் படகில் என்ஜினைக் கிளப்புமுன் அடியில் தேங்கிய ஆவியை வெளியேற்ற வைத்திருப்பார்கள். 12 வோல்ட், மூன்று அங்குலக் குழாய் அப்படியே பொருந்தும். பம்பரில் ஃபாக் லைட் இருக்கும் ஓட்டையிலிருந்து டிஸ்க்வரை ஹோஸ், நடுவில் ஃபேன். கேட்டவுடனே சரியென்று பட்டது. காற்று போதவில்லை, ஃபேன் போடுகிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசித்திருக்க வேண்டும். அது பின்னால்.

8 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு வார இறுதி போச்சு. பாதி நேரம் ஹோஸுக்கு. நேராக இழுத்தால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசுகிறது. தள்ளிக் கட்டினால் சஸ்பென்ஷன் கை இடிக்கிறது. சக்கரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பி, ஜாக்கியை ஏற்றி இறக்கி, கட்டி அவிழ்த்து, மறுபடி கட்டி. சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் டிஸ்க் பக்கத்தில் உருகிவிடும், கம்பிச்சுருள் வைத்த சிலிக்கோன் ஹோஸ்தான் வேண்டும். ஃபேனின் உடம்பு பிளாஸ்டிக், அதனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் பம்பருக்குப் பின்னால் மாட்டினோம்.

காற்று போய்ச் சேரும் இடம் மிக முக்கியம். முன் டிஸ்க் இரண்டு தட்டுக்கு நடுவே சந்து விட்டது. சுழலும்போது அதுவே ஒரு பம்ப், நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் எறியும். ஹோஸை அந்த நடுக்கண்ணுக்குக் காட்ட வேண்டும். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் காற்றை அடித்தால் அந்த முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகவே இருக்கும். டிஸ்க் வளையும், விரிசலும் விடும். பழைய தூசித் தகட்டை வெட்டி, அலுமினியத் தகட்டில் வாய் செய்து அண்ணா வெல்டிங் வைத்தார். அழகாக வந்திருக்கிறது.

ஒயரிங் சுலபம். ஒரு ஃபேன் 4 ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே, டாஷில் ஒரு சுவிட்ச். என்ஜின் அணைந்தாலும் ஓடும்.

14 செப்டம்பர், சனி

100 லிட்டர் குப்பைப் பையை வாயில் கட்டி நிரம்பும் நேரம் பார்த்தோம். வெறும் ஃபேன்: இரண்டு நொடிக்குள். ஹோஸும் வளைவுகளும் சேர்ந்தால்: நாலரை நொடி. பெட்டியில் அச்சடித்த எண் தடையே இல்லாத காற்றுக்கான எண். மணி அடித்திருக்க வேண்டிய இடம் இது, அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புரட்டாசி பிறக்கிறது. இன்று ராத்திரி அண்ணா வீட்டில் கறி விருந்து. ஊரில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். இங்கே மாதம் முழுக்க, அதுவும் தீவிரமாக.

20 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பேர்) டிரெய்லரைப் பூட்டிக் கிளம்பினோம். ஹோவிக்கில் டீசல் போட நின்றபோது செய்தி வந்தது. மேலே வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டுகிறது, போகாதீர்கள். இங்கே குளிர்காலம் முடிந்து, செப்டம்பரில்! திரும்பிவிட்டோம்.

22 செப்டம்பர், ஞாயிறு

ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலை இன்னும் சரியாகவில்லை. ஹாரிஸ்மித் பக்கம் லாரிகளும் கார்களும் பனியில் சிக்கி, ஜனங்கள் வண்டிக்குள்ளேயே ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். பிரேக்கைக் குளிரவைக்க ஃபேன் மாட்டிய காரோடு நாங்கள் அங்கே நின்றிருந்தால் நல்ல கூத்தாகியிருக்கும். கட்டிய பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றிக்கொடுத்தார்கள்.

12 அக்டோபர், சனி, கயாலாமி பிட்டில்

ஒரு யோசனை தோன்றியது. இரண்டு ஃபேனும் மாட்டி ஓட்டினால் ‘பரவாயில்லை’ என்ற உணர்வைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் வலது ஃபேனைக் கழற்றி வெறும் ஹோஸாக விட்டேன். இடதில் ஃபேன் ஓடியபடி. டிஸ்க் ஓரத்தில் சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்ட், மூன்று பொட்டு: பச்சை 430ல் மாறும், ஆரஞ்சு 560ல், சிவப்பு 610ல். கேலிப்பரில் ஒட்டும் பட்டை, எவ்வளவு ஏறியதோ அந்தக் கட்டம் கறுக்கும், பிறகு வெளுக்காது.

முதல் சுற்று முடிந்து வந்து பார்த்தால் வலதில் பச்சை மட்டும் மாறியிருக்கிறது. இடதில், ஃபேன் இருக்கும் பக்கம், ஆரஞ்சும் மாறிவிட்டது.

பெயின்ட் சரியாகக் காயவில்லை என்றேன். டிராக்கின் வளைவுகளால் இருக்கும் என்றார் அண்ணா. மத்தியானம், பக்கத்து பிட்டில் பிராய் அடுப்பில் இறைச்சி வாசனை வந்துகொண்டிருக்க, நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஃபேனை வலப்பக்கம் மாற்றினோம். புதுப் பொட்டு வைத்தோம். இப்போது வலதில் ஆரஞ்சு மாறியது, இடது பச்சையோடு நின்றது.

ஃபேன் இருக்கும் பக்கம்தான் சூடு. சந்தேகமே இல்லை.

ஆனால் கேலிப்பர் பட்டை வேறு கதை சொல்கிறது. நிறுத்தியவுடன் ஃபேன் பக்கம் 188, மறுபக்கம் 177. ஃபேனை ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். ஃபேன் பக்கம் அதே 188. மறுபக்கம் 210வரை கறுத்திருக்கிறது. பழைய ஆயிலாக இருந்தால் இந்தப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி கொதித்திருக்கும். ஆகஸ்டில் பெடல் ஏன் தரையைத் தொட்டது என்பது இப்போதுதான் எண்ணாகத் தெரிகிறது.

13 அக்டோபர், ஞாயிறு

வெட்கமாக இருக்கிறது. நான் சர்க்கரை ஆலையில் பாய்லர் ஃபேன்களைப் பார்த்துக்கொள்கிறவன். அரவைக் காலம் முழுக்க, எந்த அழுத்தத்துக்கு ஃபேன் எவ்வளவு காற்று தள்ளும் என்ற வளைகோட்டைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.

ஒளிபுகும் ஹோஸை வளைத்து, தண்ணீர் ஊற்றி, ஃபேன் வாயை அடைத்து அழுத்தம் பார்த்தேன். 20 மில்லிமீட்டர் தண்ணீர். அவ்வளவுதான் அதன் முழு பலம். 150 கிலோமீட்டர் வேகத்தில் பம்பர் ஓட்டையில் மோதும் காற்றுக்கு, கயாலாமி உயரத்திலும், கிட்டத்தட்ட 90 மில்லிமீட்டர் அழுத்தம் இருக்கிறது. இரண்டும் சமமாகும் வேகம் 70 பக்கம் வருகிறது. அதைத் தாண்டினால் வருகிற காற்றுக்கு ஃபேன் வெறும் அடைப்பு. நடுவில் மோட்டார், சுற்றிலும் இறக்கை, மிச்சமுள்ள சந்தில்தான் காற்று போக வேண்டும். டிராக்கில் நான் 70க்குக் கீழே இறங்கும் இடங்கள் சொற்பம்.

எஃப்-1 காரர்கள் கார் நிற்கும்போது பிரேக் குழாயில் ப்ளோயரைச் செருகுவதையும், கிளம்பும்போது பிடுங்கிக்கொள்வதையும் எத்தனை தடவை டிவியில் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்.

அண்ணாவுக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்போ ஃபேன் பக்கத்து வழியா வரட்டும். நடுவுல ஒரு கதவு வை” என்றார்.

19 அக்டோபர், சனி

கதவு வைத்தாயிற்று. ‘ஒய்’ வடிவக் குழாய்: நேர் வழி பம்பர் ஓட்டையிலிருந்து, கிளை வழி ஃபேனிலிருந்து. சேருமிடத்தில் லாரி மட்கார்டு ரப்பரில் வெட்டிய ஒரு மடல், மேல் விளிம்பில் மட்டும் திருகியது. கார் ஓடினால் வருகிற காற்று மடலைக் கிளைமேல் அழுத்தி மூடும். நின்றால் ஃபேன் தள்ளி, மடல் ஆடி, நேர் வழியை மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஃபேன் காற்று டிஸ்க்குக்குப் போகாமல் பம்பர் வழியாகத் திரும்பி ஓடிவிடும். அண்ணாவின் இலை ஊதும் மிஷினை பம்பர் ஓட்டையில் வைத்துச் சோதித்தோம், மடல் பட்டென்று மாறுகிறது. வேகத்தில் படபடக்குமா என்பது நவம்பரில் ஓட்டினால்தான் தெரியும்.

ஹேண்ட்பிரேக் விஷயத்தையும் அண்ணாவின் பையனுக்குச் சொல்லிவைத்தேன். டிராக்கிலிருந்து வந்ததும் போடவே கூடாது, கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வை. கடைசி லேப்பைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வருவதும் அப்படித்தான். செலவில்லாத வைத்தியம், நான் ஆகஸ்டில் செய்யாதது.

புதனோடு புரட்டாசி முடிந்து, வியாழனன்று ஐப்பசி பிறந்துவிட்டது. அண்ணா மட்டன் பன்னி சௌ வாங்கி வந்திருக்கிறார், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் டர்பன் சாப்பாடு. கால் ரொட்டிக்குள் குழம்பு ததும்புகிறது. போன வாரம் யாரோ ஃபேனை அணைக்க மறந்து பேட்டரி தீர்ந்துபோனதால் (நான் இல்லை என்கிறேன், அவரும் அவரில்லை என்கிறார்) பதினைந்து நிமிட டைமர் ரிலே ஒன்று போட்டோம். அது ஓடிக்கொண்டிருக்கிறது. கை கழுவாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பதிமூன்று. பதினான்கு. நின்றுவிட்டது.