கொடுக்கப் பழகும் பிஞ்சுக் கை
3 வயதுக் குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தால், அது கற்றுக்கொள்வது ஒளித்துவைப்பதைத்தான். "நீ விளையாடி முடிச்சதும் குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 5 நிமிடமோ 10 நிமிடமோ ஆகட்டும், அந்தச் சின்ன விரல்கள் தாமாகவே பிரிய வேண்டும்.

பொம்மைகளை யாருக்காவது கொடுக்க எடுத்துவைக்கும்போது இரண்டு மூன்றை மட்டும் முன்னால் வையுங்கள். மொத்தக் கூடையையும் கவிழ்த்தால், மறந்தே போன பொம்மைமேலும் திடீரென்று ஆசை வந்துவிடும். உடைந்ததைக் கொடுக்கவே கூடாது. தூசி துடைத்து, சக்கரம் சுழல்கிறதா என்று உருட்டிப் பார்த்து, குழந்தையே தன் கையால் நீட்டட்டும். வாங்குபவரின் முகம் மலர்வதை அது நேரில் பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். வெறும் பாராட்டு பெற்றவர்களிடம் அப்படி ஆகவில்லை. பாராட்டிலும் "நல்ல பிள்ளை" என்பதைவிட, "நீ குடுத்ததும் பாப்பா அழுகையை நிறுத்திட்டா, பாத்தியா?" என்பதே மனதில் பதியும்.

கொடுத்ததை நினைத்து இரவில் அழுதால் திட்டாமல் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போய்த் திருப்பி வாங்கிவராதீர்கள்.