இரண்டு ஜனாதிபதிகள், ஒரு கையெழுத்து: திருச்செங்கோட்டு நாட்குறிப்பு

5 டிசம்பர் 2010

நேற்று மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் இரண்டு பேர் ஜனாதிபதியாகப் பதவியேற்றுக்கொண்டார்கள். அலசான் வட்டாரா 54 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. மறுநாளே, தேர்தல் முடிவை உறுதிசெய்யும் அரசியல் சாசன சபை வடக்கே ஏழு மாவட்டங்களின் ஓட்டைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, பதவியில் இருக்கும் லோரன் பாக்போதான் ஜெயித்தார் என்றது. ஐ.நா. பிரதிநிதி சோய் யங் ஜின் வட்டாராவுக்குச் சான்று கொடுத்துவிட்டார். பாக்போ தரப்பின் புகார்களை எல்லாம் ஏற்றுக்கொண்டாலும் முடிவு மாறாது என்கிறார். வெளியார் வந்து மூக்கை நுழைத்தார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. தேர்தலுக்கு ஐ.நா. சான்று தரும் இந்த ஏற்பாடே 2005இல் பிரிட்டோரியாவில் பாக்போவும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்ததுதான்.

எங்கள் ஊரிலிருந்து ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்கு போர்வெல் போடப் போனவர்கள் நிறைய. தங்கச்சி வீட்டுக்காரர் ஐவரி கோஸ்டில் புவாக்கே பக்கம் டிரில்லர். போனில், "இங்க ஒண்ணுமில்லீங்க மச்சான், புள்ளைய பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார். தங்கச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

27 டிசம்பர்

பாக்போ விலகாவிட்டால் படை அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் எச்சரித்திருக்கிறது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டிருக்கின்றன. எனக்கு இன்னொரு செய்திதான் முக்கியமாகப் படுகிறது. எட்டு நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கி செனகலின் டாக்காரில் இருக்கிறது. அதில் ஐவரி கோஸ்டின் கணக்கில் இனி வட்டாராவின் ஆட்கள் போடும் கையெழுத்துதான் செல்லும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாதவன் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பான்? துப்பாக்கியில்லாமல் முடிய ஒரு வழி இருக்கிறதென்றால் இதுதான்.

20 பிப்ரவரி 2011

நான் நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. பாக்போவுக்குப் பணம் போக வழிவிட்டதாகப் பேசப்பட்ட மத்திய வங்கி ஆளுநர் ஜனவரியில்தான் ராஜினாமா செய்தார். கோகோ ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னார் வட்டாரா. உலகத்திலேயே கோகோ அதிகம் விளைவது அந்த நாட்டில். துறைமுகங்களோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இந்த மாதம் பெரிய வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிட்டன.

இதன் அடி எங்கே விழுகிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டால் தெரியும். சம்பளம் வரவில்லை, டீசல் இல்லை, வண்டி நிற்கிறது. போர்வெல் போட்டுத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கிய கிராமத்தில் போய் முகத்தைக் காட்ட முடியவில்லை. மருந்துக் கடையில் மருந்து தட்டுப்பாடு. தடையை எழுதியவர்கள் மருந்துக் கப்பலுக்காவது முதலிலேயே வழி விட்டிருக்க வேண்டும். பாக்போ வீட்டில் யாரும் மாத்திரை இல்லாமல் படுத்திருக்க மாட்டார்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியமோ ஐந்து நாட்டுத் தலைவர்கள் கொண்ட குழு போட்டு ஒரு மாதம் கெடு வைத்திருக்கிறது. யார் ஜெயித்தார் என்பது டிசம்பரிலேயே தெரியும். அதே ஒன்றியம்தான் அப்போது பாக்போவின் அரசை இடைநீக்கம் செய்தது. இன்னும் எதைக் கண்டுபிடிக்கக் குழு?

5 மார்ச்

மாப்பிள்ளை புர்கினா ஃபாசோ வழியாக வீடு வந்துவிட்டார். தங்கச்சி அர்த்தநாரீஸ்வரர் மலைக்குப் போய் வந்தாள்.

நேற்று முன்தினம், ஐவரி கோஸ்டின் பெரிய நகரமான அபிஜானின் அபோபோ பகுதியில் ஊர்வலம் போன பெண்களைப் பாக்போவின் படையினர் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. ஜெயித்தவரைப் பதவியில் உட்கார விடுங்கள் என்று கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அந்த நகரத்தில் ஐ.நா. படை இருக்கிறது, பிரெஞ்சுப் படையும் இருக்கிறது. மாப்பிள்ளை செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

31 மார்ச்

பாதுகாப்புச் சபை நேற்று 1975ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்கள் மேல் கனரக ஆயுதம் பாய்வதைத் தடுக்க ஐ.நா. படை எல்லா வழிகளையும் கையாளலாம். லிபியா விஷயத்தில் ஓட்டுப்போடாமல் ஒதுங்கிய இந்தியா இதற்கு ஆதரவாக ஓட்டளித்தது. கூடவே, அமைதிப் படை ஆட்சியை மாற்றும் கருவியாகிவிடக் கூடாது என்றும் நம் தூதர் சொல்லியிருக்கிறார். சரியான பேச்சு. ஆனால் 17ஆம் தேதி அபோபோ சந்தையில் குண்டு விழுந்து இருபத்தைந்து பேருக்கு மேல் செத்த பிறகு வந்த தீர்மானம் இது.

3 ஏப்ரல்

டூக்கூவே என்ற ஊர். வட்டாராவை ஆதரிக்கும் படை அதைப் பிடித்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். குறைந்தது எண்ணூறு பேர் என்கிறது செஞ்சிலுவைச் சங்கம். ஓட்டில் ஜெயித்தவர் பக்கம் நான் டிசம்பரிலிருந்து நிற்கிறேன், இப்போதும் நிற்கிறேன். அதற்காக இதை ஒரு வரியில் கடந்து போக மாட்டேன்.

12 ஏப்ரல்

ஐ.நா., பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் பாக்போவின் ராணுவ முகாம்களைத் தாக்கின. இந்தியத் தூதரையும் பிரெஞ்சு வீரர்கள்தான் மீட்டுக் கொண்டுவந்தார்கள். நேற்று பாக்போ பிடிபட்டார். நாளை எங்களுக்குச் சட்டமன்ற ஓட்டு. மாப்பிள்ளை காலையிலேயே வரிசையில் நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

14 மே

ஐவரி கோஸ்டில் டிசம்பரில் பாக்போதான் ஜெயித்தார் என்று அறிவித்த அதே அரசியல் சாசன சபைத் தலைவர் போல் யாவோ நிட்ரே, போன வாரம் வட்டாராவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இதை அன்றே செய்திருக்கலாம். இடையில் மூவாயிரம் பேர் அளவுக்குச் செத்திருக்கிறார்கள்.

நேற்று இங்கே ஓட்டு எண்ணி முடித்தார்கள். தோற்ற முதல்வர் அன்றைக்கே ராஜினாமா கொடுத்தார். பஸ் எல்லாம் ஓடியது.

30 நவம்பர்

பாக்போவை ஹேக் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்னாள் நாட்டுத் தலைவர் ஒருவர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றக் காவலுக்குப் போவது இதுவே முதல்முறை. போக வேண்டியவர்தான், அபோபோவுக்குப் பதில் சொல்லட்டும். டூக்கூவேக்காக இன்றுவரை ஹேக்குக்கு யாரும் போகவில்லை. இரண்டு தரப்பையும் விசாரிக்க நீதிபதிகள் அக்டோபரிலேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.