பிரஷருக்கும் ஒரு சாப்பு வேண்டுமாம்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வயிற்றெரிச்சல், பிடரி வலி, பகலில் கண்ணை மூடினாலும் வராத தூக்கம் என்று நைட் ஷிப்ட் பார்த்த எனக்கு மாதக்கணக்கில் அவதி. கம்பெனியின் பேனல் கிளினிக்கில் போன தடவையெல்லாம் கேஸ்ட்ரிக் மாத்திரை, ஒருநாள் எம்சி (மருத்துவ விடுப்பு). வேலை எப்படிப் போகிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

பிரஷர் 150-ஐத் தாண்டியதும் அரசாங்கக் கிளினிக்குக்கு லெட்டர் கொடுத்தார்கள். அங்கே கவுண்டரில் இருந்த கிராணி (கிளார்க்) அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். கையெழுத்து இருக்கிறது, கிளினிக் சாப்பு (முத்திரை) இல்லையாம்! திரும்பிப் பாலத்து ஜாமில் நின்று, சாப்பு குத்தி வாங்கி, மறுபடி போய் வரிசையில் நின்றால், பக்கத்திலிருந்த அக்கா சாவகாசமாகச் சொல்கிறார்: "லெட்டர் எதுக்கு தம்பி? ஐசி காட்டி ஒரு வெள்ளி கட்டினா பதிஞ்சுக்குவாங்களே." அந்தக் கிராணிக்கு இது தெரியாதா என்ன?

உள்ளே இருந்த டாக்டர் தங்கமானவர். மன அழுத்தத்தை அளக்கும் 21 கேள்வி உள்ள டாஸ் (DASS) பாரத்தை நிரப்பச் சொன்னார். இசிஜி, சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் 'ஸ்ட்ரெஸ்' பேச்சையே எடுத்தார். மன அழுத்தம் விடாமல் இருந்தால் அட்ரினலின் ரத்தக் குழாயை இறுக்குமாம், கார்ட்டிசால் சுகரை ஏற்றுமாம், தூக்கம் கெட்டால் இரண்டும் இன்னும் மோசமாகுமாம். வயிறும் பிடரியும் தனித்தனி நோய் என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஆத்திரமே வந்தது.

வீட்டில் பிரஷர் எடுத்து எழுதி வரச் சொன்னார். மெஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காப்பி குடித்து அரை மணி நேரம் போகட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, காலையும் இரவும் இரண்டிரண்டு தடவை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய அளவுதான். என் நோட்டில் ஷிப்ட் நாளும் லீவு நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வித்தியாசம் தெரிந்ததால், டாக்டர் வாதாடாமல் நைட் ஷிப்டை நிறுத்தும்படி மெமோ எழுதிவிட்டார்.

எச்ஆர் அதற்கும் பேனல் டாக்டரின் ஒப்புதல் கேட்டது. அதே பேனல் கிளினிக்! இந்த முறை சாப்பு குத்தும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. போன வாரத்திலிருந்து பகல் ஷிப்ட். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 காலை 8 முதல் நள்ளிரவு வரை இருக்கிறது. அதற்கு லெட்டர் கேட்க மாட்டார்கள்.