கைப்பிடிச் சுவரின் நிழல்

"தொட்டி மிதக்குதே தம்பி" என்றார் எங்கள் லீட். விளம்பரத்துக்காக எடுத்த ஒரு மொட்டை மாடிப் புகைப்படத்தில், கணினியில் செய்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியை வைக்கும் வேலை. கணினி மாடல்களுக்கு ஒளி அமைக்கும் லைட்டிங் வேலையில் எனக்கு அது இரண்டாவது வருடம். மூடியின் மரை வரை பார்த்துப் பார்த்துச் செய்த மாடல். ஆனாலும் மிதந்தது.

படம் எடுத்த அன்றே, தொட்டி வரவேண்டிய இடத்தில் பளபளக்கும் உருண்டை ஒன்றை வைத்து கேமராவுக்குள் விடும் ஒளியைக் கூட்டிக் குறைத்து ஐந்து எக்ஸ்போஷரில் எடுத்திருந்தோம். (வழக்கமான உருண்டையை ஆபீசிலேயே மறந்துவிட்டு, மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டும் எவர்சில்வர் உருண்டையைக் கடையில் வாங்கிச் சமாளித்தது தனிக்கதை.) 1998-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஆய்வாளர் பால் டெபெவெக் காட்டிய வழி இது. உருண்டையில் தெரியும் வானமும் சுவரும் தரையும்தான் அந்த இடத்தின் ஒளி. ஐந்து படங்களையும் சேர்த்து, இருட்டும் வெளிச்சமும் அதனதன் அளவில் பதிந்த ஒரே எச்டிஆர் படமாக்கி மாடலைச் சுற்றிப் போர்த்திவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

சூரியனை மறந்திருந்தேன். ஐந்தில் மிகக் குறைந்த எக்ஸ்போஷரிலும் அது வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் பதிந்திருந்தது. அதன் உண்மையான பலம் கோப்பில் இல்லை. அதனால் உச்சி வெயிலிலும் தொட்டியின் நிழல் சோகையாக விழுந்தது. சரி என்று நிழலைக் கையாலேயே கறுப்பாக்கினேன். இன்னும் மோசம்.

"பக்கத்துல கைப்பிடிச் சுவரோட நிழல் இருக்கே, அதைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அது கறுப்பே இல்லை, நீலம் ஓடிய சாம்பல். சுவர் சூரியனைத்தான் மறைக்கிறது, வானத்தை அல்ல.

அப்புறம் எச்டிஆரிலிருந்து சூரியனை அழித்துவிட்டு, அதைத் தனி விளக்காக வைத்தேன். எவ்வளவு பலம்? அன்று எடுத்த, பளபளப்பில்லாத சாம்பல் நிற உருண்டையின் படம் கைகொடுத்தது. அதன் ஒரு பக்கம் வெயிலும் வானமும், மறுபக்கம் பெரும்பாலும் வானம் மட்டும். ரெண்டரில், அதாவது கணினி கணக்கிட்டு வரையும் படத்தில், ஒரு சாம்பல் உருண்டை வைத்து, இரண்டு பக்கமும் படத்தோடு ஒத்துப்போகும் வரை விளக்கை ஏற்றினேன். விளக்கின் அகலம் அரை டிகிரி, வானத்தில் சூரியன் அவ்வளவுதான். அதனால் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வீதம் நிழலின் விளிம்பு கரையும். தொட்டியின் அடியில் கூராகத் தொடங்கிய நிழல், போகப்போக இளகியது.

மிதப்பு மட்டும் போகவில்லை. மாடித் தரை செந்நிறத் தட்டு ஓடு, என் தொட்டியின் அடிப்பக்கமோ தரையில் பட்டுத் திரும்பும் சிவப்பு ஏறாமல் தூய வெள்ளை. தரையையும் எளிய மாடலாகச் செய்து, தட்டோட்டின் நிறத்தை ஏற்றி, தொட்டியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ரெண்டர் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் புகைப்படத்தின் தரையோடு கூட்டினேன். அடியில் இரண்டு விரல்கடைச் சிவப்பு ஏறியது, தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய இருட்டு விழுந்தது. தொட்டி உட்கார்ந்துவிட்டது.

லீட் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது: கம்பெனிப் பெயர் நிழல் பக்கமாக இருக்கிறது, பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த எழுத்துகளுக்கு மட்டும், அந்த மாடியில் எங்குமே இல்லாத ஒரு விளக்கைப் போட்டேன்.