பாதித் தேன் தேனீக்களுக்கு

இந்த வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்ததில் மனதை விட்டுப் போகாமல் நிற்பது ஹனிலேண்ட் (2019) என்ற ஆவணப்படம்தான். வடக்கு மாசிடோனியாவில் ஊரே காலி செய்துவிட்டுப் போன மலைக் கிராமத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவோடு தனியாக வாழும் ஹதிட்சே என்ற பெண், பாறையில் ஒரு கல்லை நகர்த்தி, வெறுங்கையால் தேனடையை எடுக்கிறார், பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்று தேனீக்களிடம் சொல்லிக்கொண்டே. அப்புறம் மாடுகன்றுகளோடும் பிள்ளைகுட்டிகளோடும் ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து இறங்குகிறது. அவர்களுக்கும் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் குடும்பத்து மனுஷன் வியாபாரியின் நெருக்கடிக்குப் பணிந்து மொத்தத் தேனையும் வழித்தெடுக்க, தின்னத் தேனில்லாமல் போன அவருடைய தேனீக்கள் ஹதிட்சேயின் தேனீக்களைத் தாக்கிக் கொல்கின்றன. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனாலும் அவரை வில்லன் என்று சொல்ல வாய் வரவில்லை, அத்தனை வயிற்றுக்கும் அவர்தானே சோறு போட வேண்டும். மூன்று வருடம் கூடவே இருந்து எடுத்திருக்கிறார்கள். பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் கிடையாது, அதுதான் சரி.

மேன் ஆன் வயர் (2008) வேறு ரகம். 1974 ஆகஸ்ட் 7 காலை, நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பி கட்டி பிலிப் பெத்தி நடந்த கதை. பிழைத்துவிட்டார் என்று தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. 2001-இல் அந்தக் கோபுரங்களுக்கு என்ன ஆனது என்று படம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, இயக்குநர் ஜேம்ஸ் மார்ஷின் அந்தத் தீர்மானம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஹனிலேண்ட் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.